கட்டிலண்டை ஒரு ஸ்டூல்

(வாசுதேவநல்லூரில் மருத்துவ ஊழிய ஞாயிறு ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



சில வருடங்களுக்கு முன் எங்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு தாயாரிடம், வழக்கம்போலக் கட்டிலண்டை நின்று பொறுமையைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் முகத்தைத் திருப்பாமலே, “நீங்க நின்னுக்கிட்டுச் சொல்லுதிய ஐயரே. நான்லா படுத்துக் கிடக்கேன்” என்றார்கள். வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்த எதுவும் அப்பொழுது உதவிக்கு வரவில்லை. ஜெபத்தைச் சுருக்கமாய் முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நமக்குத் தெற்கே களக்காட்டில், 1931 அக்டோபர் 24ஆம் தேதி, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் மருத்துவ ஊழியத்துக்கென எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார்கள். அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்பொழுது வயது 63. எனக்கு இப்பொழுது நடக்கிற வயது. 1895இல் இந்தியா வந்தவர்கள், ஒருமுறையும் தாயகம் திரும்பாதவர்கள், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக ஓடியாடியவர்கள். சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், அந்த ஒரே அறைதான்.

அன்று காலையில், உமது ஊழியத்துக்கு என்னை எப்படியாவது தகுதியாக்கும் என்று ஜெபித்திருந்தார்களாம். அதற்கு இந்த விபத்தே பதில் என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. எந்த நோயாளியின் கட்டிலண்டையும் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

என்னைத் தொட்டது வேறொன்று. நோயாளிகளுக்கென்று அச்சிட்ட ஆறுதல் பிரதிகள் அம்மையாருக்கும் வந்தன. அவை சுகமாயிருக்கிறவர்கள் எழுதியவை. தமக்கு எட்டவில்லை என்று கண்டார்கள். ஆகவே வலியும் தூக்கமின்மையும் விடாத நாட்களில், நோயாளிகளுக்குத் தாமே கடிதங்கள் எழுதினார்கள். 1933இல் அவை ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகமாயின. முட்செடியிலிருந்து ரோஜா! முள்ளை அவர்கள் தலைப்பிலிருந்துகூட எடுத்துவிடவில்லை. பவுல் அப்போஸ்தலனும் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அவருடைய முள்ளும் இருந்தது. விசுவாசத்தில் நிலைத்திருக்கிறவர்கள் வலியை மூடி மறைக்கவேண்டும் என்று நம் சபைகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. எங்கிருந்து வந்ததோ!

மறுநாள் அந்தத் தாயாரின் கட்டிலண்டை ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, தாம் ராத்திரியில் செய்யும் ஜெபத்தை அவர்களே சொன்னார்கள்: “ஆண்டவரே, நான் இன்னும் இங்கனதான் கிடக்கேன். நீரும் போயிராதேயும்.”

சென்ற அசனப் பண்டிகையின் காணிக்கையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தீர்கள். அநேக ஸ்தோத்திரம். அவற்றில் உட்கார ஆட்கள் தேவை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வாருங்கள்.