எச்.ஐ.வி.யில் எத்தனை வகை?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம வேங்கிக்கால் பக்கம் கிரிவலத்துக்கு எத்தனையோ நாட்டுக்காரங்க வர்றாங்க. போன மாசம் குழுக் கூட்டத்துல ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அக்கா, நாட்டுக்கு நாடு எச்.ஐ.வி. வேற வேறயாமே? நம்ம டெஸ்ட்ல எல்லாம் தெரியுமா?" நல்ல கேள்வி. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

எச்.ஐ.வி.யில் இரண்டு பெரிய வகை உண்டு. உலகம் முழுக்கப் பரவியிருப்பது எச்.ஐ.வி.-1. எச்.ஐ.வி.-2 பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கு. இந்தியாவிலும் கொஞ்சம் பேருக்கு உண்டு. முதல் வகைக்குள்ளேயும் உட்பிரிவுகள் இருக்கு. அமெரிக்கா, மேற்கு ஐரோப்பாவில் 'பி' பிரிவு அதிகம். தென்னாப்பிரிக்காவிலும் நம்ம நாட்டிலும் 'சி' பிரிவுதான் அதிகம்.

இது வெளிநாட்டு நோய், நமக்கு வராதுன்னு ஒரு காலத்துல நினைச்சாங்க. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு, பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் சோதிச்சாங்க. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்பதான் முதன்முதலா தெரிய வந்தது.

எந்த வகையானாலும் பரவும் வழி ஒண்ணுதான்: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. கூட நடந்தா, ஒரே பந்தியில சாப்பிட்டா ஒட்டாது.

நம்பிக்கை மையத்துல எடுக்கும் பரிசோதனை இரண்டு வகையையும் காட்டும். ஆனா மருந்துல வித்தியாசம் இருக்கு. பிறந்த குழந்தைக்குத் தரும் நெவிரபின் மருந்து எச்.ஐ.வி.-2க்குப் பலிக்காது; வேற மருந்து தரணும். அதனால கர்ப்பமான உடனே பரிசோதனை பண்ணிடணும். சிகிச்சை இல்லேன்னா நூத்துல 15 முதல் 45 குழந்தைக்குத் தொற்று வரலாம். சரியா மருந்து எடுத்தா அது 5-க்கும் கீழே போயிடும். பரிசோதனை, மருந்து எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். சந்தேகம் இருந்தா 1097-க்குப் போன் பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. ஒருத்தரோட தொற்று நிலையை அவங்க சம்மதமில்லாம வெளியே சொல்லக்கூடாதுன்னு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுது. தொற்று இருக்குன்னு ஒருத்தியைக் குழுவை விட்டு ஒதுக்கினா, அடுத்தவ பரிசோதனைக்கே போக மாட்டா. அவ குழந்தைக்கு மருந்து கிடைக்காமப் போயிடும். நம்ம குழுவுல யாரையும் ஒதுக்க மாட்டோம்னு இன்னைக்கே முடிவெடுப்போம்.