மார்புப் புற்றுநோயும் பரம்பரையலகும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்துருவம்)



இன்றைய பொருளைத் தலைவர் அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டோம். அதில் குற்றமில்லை. எமது வீடுகளில் இந்நோயின் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை. நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது பெரியம்மா ஒருவர் காலமானார். "நெஞ்சு வருத்தம்" என்றார்கள். அது மார்பிலே வந்த கட்டி என்பதை நாம் அறிந்தது பல வருடங்களுக்குப் பின், அவருடைய மகளுக்கும் அதே கட்டி வந்தபோதுதான். முன்னமே சொல்லியிருந்தால் அந்த மகள் வேளையோடு வைத்தியரிடம் போயிருப்பாளே என்ற எண்ணம் இன்றும் எம்மை விட்டபாடில்லை. ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இந்நோய் சில குடும்பங்களைத் தொடர்ந்து வருவதைக் கண்டவர்கள் முன்னமே உண்டு. பிரான்சு தேசத்து வைத்தியர் போல் புரோக்கா என்பவர் 1866ஆம் ஆண்டில், தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகப் பெண்கள் பலர் இந்நோயால் மாண்டதை எழுதி வைத்தார். அதற்குக் காரணம் எது என்று காட்ட அவரிடம் கருவி இல்லை. அமெரிக்காவிலே மேரி கிளேயர் கிங் என்னும் அம்மையார் 1970களில் தேடத் தொடங்கினார். ஒரே அலகின் பழுதால் இவ்வளவு பெரிய நோய் வருமா என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். அம்மையார் விடவில்லை. 23 குடும்பங்களில் நோயுற்ற 146 பேரை ஆராய்ந்து, இளவயதில் நோய் வரும் குடும்பங்களில் குற்றம் 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதாக 1990இல் காட்டினார். 1994இல் அந்த அலகே பிரித்தறியப்பட்டது. அதன் பெயர் பி.ஆர்.சி.ஏ. 1. அடுத்த ஆண்டிலே 13ஆம் நிறமூர்த்தத்தில் இரண்டாவதும் கிடைத்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். இவை "புற்றுநோய் அலகுகள்" அல்ல. இங்கு இருக்கும் எல்லோரிடமும் இவ்வலகுகள் உண்டு. நம் உடலில் உள்ள கலங்கள் பிரியும்போதும் மற்றும் வேளைகளிலும் டி.என்.ஏ. இழை அறுந்து போவதுண்டு. இரு இழையும் ஒருங்கே அறுந்தால் அதைச் சரிவரப் பொருத்துவதற்கு இவ்வலகுகள் ஆக்கும் புரதங்கள் வேண்டும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அலகு சோடியாக வருகிறது. ஒன்று விகாரமடைந்த நிலையில் பிறந்தாலும் மற்றது வேலையைச் செய்யும். எங்கேனும் ஒரு கலத்தில் அந்த மற்றதும் கெட்டுவிட்டால், பிழை திருத்த ஆளின்றிப் பிழைமேற் பிழை குவிகிறது. புற்று அங்கே தொடங்கலாம்.

தந்தை வழி என்று சொன்னோம். அதைச் சற்று நின்று கேளுங்கள். பெண்களின் நோய்தானே என்று ஆண்கள் எழுந்து போகவேண்டாம். விகாரமுள்ள தந்தை நோயின்றி வாழ்ந்தும் தம் பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், சரிபாதி வாய்ப்பில் அதைக் கொடுக்கலாம். ஆணுக்கும், சிறுபான்மையாக, மார்புப் புற்றுநோய் வருவதுண்டு. அப்பம்மாவுக்கும் மாமிமாருக்கும் என்ன நோய் இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அளவு மீறிய பயமும் ஆகாது. மார்புப் புற்றுநோய் நூற்றில் ஐந்து முதல் பத்து மட்டுமே இவ்வாறு பரம்பரையாக வருவது. எனவே குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை என்று கட்டியைப் பாராமல் விடுவதும் பிழை. ஆனால் இவ்விகாரம் உள்ள பெண்கள் நூறு பேரில் எழுபது பேரளவில் எண்பது வயதுக்குள் இந்நோயைக் காண்கிறார்கள். சூலகப் புற்றுநோயின் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம்.

பெரியவர் ஒருவர் வாசலில் எம்மிடம், "தம்பி, இது தலையெழுத்தல்லவா? அறிந்து என்ன பயன்?" என்றார். பயன் உண்டு, ஐயா. அறிந்தவள் இருபத்தைந்து வயதளவிலேயே ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகலாம். நோய் வருமுன் சத்திரசிகிச்சை செய்துகொள்வோரும் உளர். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் தாம் அவ்வாறு செய்ததை வெளிப்படையாக எழுதினார். திருத்தும் வழி ஒன்று முன்னமே கெட்டுப்போன புற்றுக்கலத்தில் மற்றொரு வழியையும் அடைத்து அதை அழிக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகளும் இன்று உண்டு.

"வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கலியாணம் ஒப்பேறாதே" என்று தாய்மார் அஞ்சுவதை நாம் அறிவோம். அந்த அச்சம் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதுதான் கொடுமை. அந்தப் பழுது மாப்பிள்ளை வீட்டிலும் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பியை எடுங்கள். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் யாருக்கு எங்கே புற்று வந்தது, எந்த வயதில் வந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதுங்கள். ஐம்பது வயதுக்கு முன் வந்ததா என்பது முக்கியம். வைத்தியர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று. நாமும் எழுதத் தொடங்கினோம். பெரியம்மாவுக்கு நோய் வந்தபோது என்ன வயது என்ற இடம் மட்டும் வெறுமையாய் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய எவரும் இப்போது உயிரோடில்லை.