சின்ன அறைக்கு ஒரு சின்ன லென்ஸ்

இந்த மாதம் நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறேன். அவரிடம் பழைய லைக்கா கமரா ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. லென்ஸைத் திருகிப் பூட்டுகிற பழைய வகை. கூடவே 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் உண்டு. "வீட்டில் சொந்தக்காரர் கூடினால் எல்லாரும் படத்துக்குள் அடங்குகிறார்கள் இல்லை. கையடக்கமான வைட்விங்கெல் லென்ஸ் எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

முதலில் இந்தக் கமராவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜேர்மன்காரர் இதை மெஸ்சூகர் கமரா என்பார்கள். நாங்கள் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. பக்கத்திலிருக்கும் சின்னக் கண்ணாடி யன்னலால் பார்க்கிறோம். அங்கே இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகப் பொருந்தினால் தூரம் சரி. உள்ளே கண்ணாடி மேலும் கீழும் அடிக்காதபடியால் கை அதிராது, கமராவும் சிறியது.

இது பிறந்தது எங்களுக்குத் தூரமில்லாத வெற்சிலார் நகரத்தில். அந்த ஊரைத் தொட்டு ஓடும் லான் ஆறு கோப்லென்சுக்குக் கொஞ்சம் மேலே ரைனில் கலந்து, பிறகு எங்கள் பான் நகரைக் கடந்து போகிறது. அங்கே லைட்ஸ் நிறுவனத்தில் வேலைசெய்த ஒஸ்கார் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. பாரமான தட்டுக் கமராக்களைச் சுமக்க இயலாமல்தான் சின்னக் கமரா ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அது 1925 இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் முதலாளி இரண்டாம் ஏர்ன்ஸ்ட் லைட்ஸ், நாஜிகளின் காலத்தில் தன்னிடம் வேலைசெய்த யூதர்களை வெளிநாட்டுக் கிளைகளில் வேலை என்று சொல்லி நாட்டைவிட்டு வெளியேற்றினார். யூதப் பெண் ஒருவர் தப்பிப்போக உதவினார் என்று அவருடைய மகள் எல்சியை 1943 இல் கெஸ்டாப்போ சிறையில் அடைத்தது. அகதிகளாக வந்த நாங்கள் அறிந்திருக்கவேண்டிய சங்கதி இது.

இனிக் கேள்விக்கு வருவோம். கணக்கெழுதுகிறவன் என்றபடியால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீற்றர். நீங்கள் நிற்கும் தூரத்தை 36 ஆல் பெருக்கி, லென்ஸின் இலக்கத்தால் வகுத்தால், எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்று தெரியும். எங்கள் வரவேற்பறைகளில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும், எதிரே சோபாவில் இருப்பவர்களுக்கு மூன்று மீற்றர்தான் தூரம். அங்கேயிருந்து 50 லென்ஸில் 2.2 மீற்றர் அகலம் விழும். 35 இல் 3.1 மீற்றர். 28 இல் 3.9 மீற்றர். 21 இல் 5 மீற்றருக்கும் மேல்.

அப்படியானால் 21 தானே நல்லது என்று நினைப்பீர்கள். அதில் ஒரு தீமை உண்டு. லென்ஸ் அகலமாக அகலமாக, ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் இழுபட்டுப் போகும். கைத்தொலைபேசிப் படங்களில் கரையில் நிற்கும் மாமி உடம்பு வைத்தவர்போலத் தெரிவது இதனால்தான். அவற்றின் வழமையான லென்ஸ் 24க்கும் 28க்கும் இடைப்பட்டது. குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவரும் நடுவில் நிற்பவரைப் போலவே முக்கியம். ஆகையால் என் தீர்ப்பு 35. இரண்டு வரிசையாக எட்டுப் பத்துப் பேர் அடங்குவார்கள், முகமும் கெடாது. அறை அதைவிடவும் சின்னதாக இருந்தால் மட்டும் 28.

எந்த 35? திருகுப் பூட்டுக்கு நான்கு வகையைச் சொல்லலாம். லைட்ஸ் எல்மார், 1930 இல் வந்தது, 3.5 துவாரம், தட்டையாக, சட்டைப் பைக்குள் அடங்கும். போருக்கு முந்தியவற்றில் கண்ணாடிக்கு மேற்பூச்சு இல்லை. யன்னலுக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறும். போருக்குப் பின் வந்த சுமாரோன், அதே 3.5, மேற்பூச்சு உள்ளது. சோவியத் யூபிற்றர்-12, சைஸ் நிறுவனத்தின் பியோகோனைப் பின்பற்றியது, 2.8 துவாரம் என்பதால் எல்மாரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளி தரும். ஆனால் அதன் பின்கண்ணாடி நீளமாக உள்ளே துருத்தும். உங்கள் கமராவில் முட்டுகிறதா என்று மெதுவாகப் பூட்டிப் பார்க்கவேண்டும். நான்காவது, யப்பானின் கொசினா நிறுவனம் ஃபொய்க்ட்லெண்டர் என்ற பழைய பெயரில் செய்த கலர்-ஸ்கோபார், 2.5 துவாரம், நால்வரில் இளையது. இதையும் திருகுப் பூட்டில் வேண்டுமென்றால் பாவித்ததாகத்தான் தேடவேண்டும்.

1954 இல் எம்3 கமராவோடு லைக்கா பூட்டை மாற்றிவிட்டது. திருகு லென்ஸை ஒரு மெல்லிய வளையம் போட்டு எம் கமராவில் மாட்டலாம். எம் லென்ஸைத் திருகுக் கமராவில் மாட்ட முடியாது. விலை மலிவென்று மாறி வாங்கிவிடாதீர்கள்.

இப்போது செலவுக் கணக்கு. லென்ஸின் விலை மட்டும் விலையல்ல. பழைய திருகு லைக்காவின் பார்வை யன்னல் 50க்கு மட்டுமே அளவானது. 35 மாட்டினால், எவ்வளவு இடம் விழுகிறது என்று பார்க்கக் கமராவின் தலையில் செருகும் தனிப் பார்வைக்கருவி வேண்டும். சில நேரம் அதன் விலை லென்ஸைத் தொடும். துப்புரவு செய்யும் கூலியையும் சேர்த்துக் கூட்டுங்கள். மேற்பூச்சுள்ள, துப்புரவான சுமாரோன் ஒன்று, பூஞ்சணம் பிடித்த மலிவு எல்மாரைவிடக் கடைசியில் மலிவாக முடியலாம்.

ரைன்-அவே பூங்காவில் கூடும் ஃப்ளோமார்க்ட் போன்ற இடங்களில் வாங்குவதானால் கைவிளக்கு ஒன்று கொண்டுபோங்கள். லென்ஸின் பின்னால் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் பூஞ்சணம். புகைபோலத் தெரிந்தால் எண்ணெய்ப் படலம். படலத்தைத் துடைக்கலாம், பூஞ்சணம் கண்ணாடியைத் தின்றிருந்தால் திருத்த முடியாது. தூர வளையம் இறுகாமல் சுழல்கிறதா, துவார இதழ்கள் காய்ந்து சுத்தமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வெளியில், நல்ல வெயிலில், 35 லென்ஸை 8 துவாரத்திலும் மூன்று மீற்றரிலும் வைத்துவிட்டால், சுமார் 2 மீற்றரிலிருந்து 7 மீற்றர் வரை தெளிவாக விழும். குழந்தை ஓடினாலும் அளந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. வீட்டுக்குள் 400 பிலிம் போட்டு, பகலில் யன்னல் பக்கமாக ஆட்களை இருத்துங்கள். அங்கே துவாரத்தைத் திறந்துதான் எடுக்கவேண்டும். ஆகையால் தூரத்தைக் கவனமாகப் பொருத்துங்கள்.

தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊரிலிருந்து புறப்பட்டபோது எங்களில் பலரால் கலியாண அல்பத்தைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. அம்மம்மாவின் முகத்தை வார்த்தையால்தான் பேரப்பிள்ளைக்குச் சொல்லவேண்டிய வீடுகள் எத்தனை! பிலிம் சுருளில் 36 படம்தான் என்பதால், எடுக்கிறவர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துவார். நிற்கிறவரும் நிமிர்ந்து நிற்பார். நெகட்டிவ் அலுமாரியில் கிடக்கும், கடவுச்சொல் கேட்காது. முதியவர்கள் இருக்கும்போதே, பெயரும் திகதியும் உறையில் எழுதி வையுங்கள்.

ஆகவே அந்த நேயருக்கு என் பதில்: 35 மில்லிமீற்றர், திருகுப் பூட்டு, மேற்பூச்சு உள்ளது, கூடவே ஒரு பார்வைக்கருவி. கண்ணாடி சுத்தமாக இருந்தால் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் சரி. வாங்குமுன் வீட்டில் அளவுநாடா எடுத்து, சுவரிலிருந்து சோபா வரை ஒருக்கால் அளந்து பாருங்கள். லென்ஸைத் தெரிவு செய்யவேண்டியது அந்த அளவுதான்.