எல்லை நிலத்தின் இலச்சினைகள்



ஓசூரை அடுத்த சானமாவிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். கர்நாடகப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் பருவந்தோறும் வந்து தங்கும் காடு அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை தலைக்காட்டிலிருந்து ஆண்ட கங்க மன்னர்கள், தங்கள் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் பொறித்ததும் யானையைத்தான். கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என்று பல கை மாறியது இந்த எல்லைப் பகுதி. வந்தவர் எல்லோருக்கும் ஓர் இலச்சினை இருந்தது. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் ஊரின் வரலாறு நம் கைக்கு வந்துவிடும்.

இலச்சினையைப் படிப்பதென்றால், கண்ட உருவத்தை முறையாக வாயால் சொல்வதுதான். இந்தக் கலையை ஐரோப்பியர் மிக நுணுக்கமாக வளர்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் அங்கே பிரபுக்களும் வீரர்களும் தங்கள் கேடயத்தில் குடும்பச் சின்னத்தைத் தீட்டத் தொடங்கினார்கள். நாளடைவில் அதற்கென்றே ஒரு சொல்தொகுதி உருவாயிற்று. இங்கிலாந்தை அக்காலத்தில் ஆண்டவர்கள் பிரெஞ்சு பேசியதால், அங்கே வழங்கும் அந்தச் சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு வழி வந்தவை. கேடயத்தின் பரப்புக்கு ஒரு பெயர், அதன்மேல் வரும் உருவத்துக்கு ஒரு பெயர், இரு பக்கமும் தாங்கி நிற்கும் விலங்குகளுக்கு ஒரு பெயர். சிங்கம் பின்னங்காலில் எழுந்து நின்றால் ஒரு சொல், நடந்தால் ஒரு சொல், படுத்திருந்தால் வேறு சொல். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகத்தையோ வண்ணத்தின்மேல் வண்ணத்தையோ வைக்கக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இந்த விதியின் பயன். ஓவியர் எவராக இருந்தாலும், இந்தச் சொற்களால் ஆன வருணனையைக் கேட்டு வரைந்தால் அதே சின்னம் வந்துவிடும். அங்கே படத்தைவிட வருணனைக்கே அதிகாரம்.

இந்த முறை நம் எல்லை வரைக்கும் வந்திருக்கிறது. 1877இல் தில்லியில் நடந்த தர்பாருக்காக, இந்தியச் சமஸ்தானங்கள் பலவற்றுக்கு ஆங்கிலேயர் ஐரோப்பிய பாணியில் சின்னம் வகுத்துக் கொடிகள் வழங்கினார்கள். மைசூர் உடையார்களின் சின்னம் கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை. இன்றைய கர்நாடக அரசின் சின்னத்திலும் அதே பறவை இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்ப்போம். பரப்பு சிவப்பு. அதன்மேல் வெள்ளை நிறத்தில் இருதலைப் பறவை. ஓரத்தில் நீலக் கரை. உச்சியில் சாரநாத்துச் சிங்கங்கள். இரு பக்கமும் தாங்கி நிற்பவை யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்குகள். வெள்ளை என்பது வெள்ளியின் இடத்தில் நிற்பது. ஆகவே, சிவப்பின்மேல் வெள்ளியாக நிற்கும் இந்தப் பறவை உலோக விதிக்குப் பொருந்துகிறது.

நம் தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் கேடயமே இல்லை. நடுவில் கோபுரம், அதன்முன் சிங்கத்தூண், இரு பக்கமும் தேசியக் கொடிகள், கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்ற வாசகம்.

கேடயம் இல்லாமலே நம் மன்னர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். சோழர் செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்த புலி. அதன் முன்னே இரண்டு கயல்கள். கீழே வில். மேலே வெண்கொற்றக்குடை, இரு பக்கமும் சாமரம். புலி சோழருடையது, கயல் பாண்டியருடையது, வில் சேரருடையது. மூன்றையும் ஒரே குடையின்கீழ் வைத்ததிலேயே மூவேந்தர் நாட்டுக்கும் உரிமை கொண்டாடியாயிற்று. மன்னன் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தி நீட்டிச் சொல்வதை இந்தச் சிறிய வட்டம் சொல்லிவிடுகிறது. பிற்காலப் பாண்டியர் தங்கள் கயல்களுக்கு நடுவே செண்டு என்னும் கோல் ஒன்றை நிறுத்தினார்கள். ஒய்சளர் சின்னத்தில் ஒரு வீரன் விலங்கோடு பொருதுகிறான். அது சிங்கம் என்பாரும் உண்டு, புலி என்பாரும் உண்டு. அந்த மரபில் வந்த இராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியில் இருந்துதான் ஆண்டான். விசயநகரத்தார் இலச்சினையில் வராகமும் வாளும், மேலே சூரியனும் சந்திரனும். கொடுத்த கொடை சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும் என்பது கல்வெட்டுகளில் நமக்குப் பழகிய வாக்கு. திப்பு சுல்தானோ புலியின் கோடுகளைப் படைவீரர் உடையிலும் ஆயுதங்களிலும் பதித்தார்.

முத்திரை அரண்மனைக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நிலத்துக்கும் முத்திரை உண்டு. சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் திரிசூலம் செதுக்கிய சூலக்கல் நட்டார்கள். பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். பிற்காலத்தில் வாமனக்கல்லும் வந்தது. சமணப் பள்ளிக்கு விட்ட நிலத்துக்கு முக்குடைக்கல். எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் அந்தக் கல்லைக் கண்டதும் நிலம் யாருக்கு உரியது என்று அறிந்தார். ஐரோப்பியப் பிரபுவின் கேடயம் ஆளை அடையாளம் காட்டியது. நம் எல்லைக்கல் உரிமையைக் காட்டியது. எழுத்தில்லாமல் அடையாளம் சொன்னதில் இரண்டும் ஒன்றுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களும் எல்லைக்கற்களும் நிறைந்தது. அதே மாவட்டத்தில்தான் இன்று தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் விரிகின்றன. நிலத்தைச் சமன் செய்யும்போது ஒரு கல் புரளும். அதில் ஒரு சூலமோ சக்கரமோ இருக்கும். அடையாளம் தெரியாதவருக்கு அது அடித்தளத்துக்கு ஆகும் கருங்கல். அடையாளம் தெரிந்தவருக்கு அது ஓர் ஊரின் பத்திரம்.

ஆகவே நேயர்களே, உங்கள் வயலிலோ வேலை நடக்கும் இடத்திலோ உருவம் செதுக்கிய கல் கிடைத்தால் உடைக்க விடாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். என்ன உருவம், எந்த நிலையில் இருக்கிறது, மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் என்ன என்று ஐந்தே வரி எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். பள்ளி ஆசிரியர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். அப்படிப் பழகிய பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தாலும், அந்த ஊரில் ஒரு கல்கூட யாருக்கும் தெரியாமல் அடித்தளத்துக்குள் போகாது.