ஆறு பென்சு நூலும் ஆறு மாதச் சிறையும்

1877-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரிலே ஒரு வழக்கு. குற்றவாளிக் கூண்டிலே அன்னி பெசன்ட் அம்மையாரும் சார்லஸ் பிராட்லாவும். ஆம், பின்னாளில் அடையாற்றிலே வாழ்ந்தாரே, அதே அம்மையார்தான்! கொலையா செய்தனர்? கொள்ளையா அடித்தனர்? கருத்தடை முறைகளை விளக்கும் நூலொன்றை, ஏழைத் தொழிலாளியும் வாங்கத்தக்க ஆறு பென்சு விலையில் விற்றனர்! டாக்டர் நோல்ட்டனின் அந்நூல் நாற்பதாண்டுகள் அங்கே விலைபோன நூல்தான், திடீரென ஆபாசமாகிவிட்டதாம்!

தீர்ப்பு: 6 மாதச் சிறை, 200 பவுன் அபராதம். ஆபாசச் சொற்கள் எவையெனக் குற்றப்பத்திரிகை காட்டவில்லை என்ற சட்ட நுணுக்கத்தால் 1878-இல் தண்டனை நீங்கிற்று. நூலோ இலட்சத்துக்கு மேல் விற்றது! ஆனால், பிரிந்து வாழ்ந்த பாதிரிக் கணவர் வழக்காடினார். நாத்திகம் பேசி, இத்தகைய நூலும் வெளியிட்டவளிடம் பெண்குழந்தை வளரலாகாதென்று, மகள் மேபெலைத் தாயிடமிருந்து பிரித்தது நீதிமன்றம்.