ராத்திரி 2 மணி

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் விடியுமுன்பே பிண்டம் வைத்துக் கும்பிடுகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர்களுக்காக நாடு முழுக்க இருந்து ஆள் வந்து இறங்குகிற ஊர் இது. ஆனால் நம் வீட்டுக்குள் ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டால், அந்தப் பேரைக்கூடச் சொல்லமாட்டோம். ‘கட்டி’ என்போம், ‘அந்த வியாதி’ என்போம்.

நான் வீடுவீடாகப் போகிற செவிலியர். பாம்பன் பக்கம் ஒரு அக்கா, வருஷக்கணக்காகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர். மார்பில் வந்த புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. ‘சரியாப் போயிரும்’ என்று வீட்டில் சொல்லச் சொல்ல, பகலெல்லாம் தலையாட்டுவார். ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். பாறை கிழிக்காமலிருக்கப் பாசிக்காரப் பெண்கள் விரலில் துணி சுற்றுவார்கள் இல்லையா, அந்தப் பழைய துணியைச் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார்.

“எதை நெனச்சுக்கா பயம்?” என்று கேட்டேன்.

“வலி தாங்காமக் கத்திருவேனோ, பிள்ளைக பாத்து மிரண்டுருமோன்னு இருக்கு சிஸ்டர்.”

இந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது, நேயர்களே. மார்ஃபின் மாத்திரை. அது சாகப்போகிறவருக்குக் கொடுப்பது என்று அக்காவின் மகன் முதலில் வாங்கவே மறுத்தார். அப்படியில்லை, வலி கடுமையாக இருந்தால் நோயின் எந்தக் கட்டத்திலும் கொடுக்கலாம். மருத்துவர் சொன்ன அளவில், வலி வரட்டும் என்று காத்திராமல், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், நோய் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

1967-இல் லண்டனில் நோய் முற்றியவர்களுக்கென்றே மருத்துவமனை தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு வலியோடு மனவலி, குடும்பக் கவலை, கடவுள்மேல் எழும் கேள்வி எல்லாவற்றையும் ஒரே வலியாகப் பார்க்கச் சொன்னார். அக்காவுக்கும் அப்படித்தான். மாத்திரையில் வலி அடங்கியதும் பேச்சு வந்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி, கடைசியில் எந்தச் சேலை கட்டிவிட வேண்டும், எல்லாம் மகளிடம் சொன்னார். மகள் அழுதாள், ஆனால் ‘அப்படிப் பேசாதம்மா’ என்று வாயை அடைக்கவில்லை. அதற்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

போன வாரம் போனபோது, பயம் விட்டுப்போச்சா என்று கேட்டேன்.

“வருது சிஸ்டர். வந்தா இவளை எழுப்பிருவேன். கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவா. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து குடிப்போம்.”