பிரீமேசன் சங்கமும் அதன் வாயிலும்



பிரீமேசன் சங்கம் என்றவுடன் பூட்டிய கதவும் மறைவான சடங்குமே பலர் நினைவில் எழும். அக்கதவு எவருக்குத் திறந்தது, எவருக்கு மூடியிருந்தது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

ஐரோப்பாவில் பெருங்கோயில்களை எழுப்பிய கல்தச்சரின் தொழிற்குழுக்களோடு இச்சங்கத்தார் தம் மரபைத் தொடர்புபடுத்துவர். 1717ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் லண்டன் மாநகரின் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமைச் சபையை நிறுவின என்பது அவர்கள் போற்றும் வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. மூலைமட்டமும் கவராயமும் இவர்களின் சின்னங்கள். முன்னது நேர்மையையும், பின்னது அளவறிந்து ஒழுகுவதையும் உணர்த்தும். உறுப்பினர் ஏறும் படிகள் மூன்று. இறைநம்பிக்கை வேண்டும், ஆயின் எச்சமயத்தவர் என்பது தடையன்று. லாட்ஜினுள் சமயப் பூசலும் அரசியல் வாதமும் கூடா. ஜார்ஜ் வாஷிங்டனும் இசைமேதை மோட்சார்ட்டும் இதில் உறுப்பினராய் விளங்கியவர்கள்.

1730ஆம் ஆண்டளவில் இச்சங்கம் கல்கத்தாவில் கால்கொண்டது. 1770களில் ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். அரச குடும்பத்தவருக்குத் திறந்த கதவு மற்றையோருக்கு எளிதில் திறக்கவில்லை. பம்பாய்ப் பார்சிப் பெருமகனார் மானக்ஜி கர்செட்ஜி, இங்கு இடம் கிடையாமல் பாரிஸ் நகரில் சேர வேண்டியதாயிற்று. இந்தியரையும் ஏற்கவே 1843இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்பார் பம்பாயில் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்னும் லாட்ஜைத் தோற்றுவித்தார்.

கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் 1863இல் இடம் கோரினார். தெய்வங்கள் பலவற்றை வணங்கும் இந்துவை எவ்வாறு சேர்ப்பது என்று தடை எழுப்பினர். தத்தர் சளைத்தாரில்லை. ஒன்பது ஆண்டுகள் போராடி, 1872இல் 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜில் நுழைந்தார். அவர் கேட்டது புதிய சலுகையன்று. அவர்களே எழுதிவைத்த விதியைத்தான். 1884இல் அதே லாட்ஜில் நரேந்திரநாத தத்தர் என்னும் இளைஞர் சேர்ந்தார். அவரே பின்னாளில் சுவாமி விவேகானந்தராய் உலகம் போற்ற நின்றவர்.

1961ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் இந்தியாவிற்கெனத் தனித் தலைமைச் சபை புதுதில்லியில் அமைந்தது. ராம்பூர் நவாப் சையத் ரஸா அலி கான் முதல் தலைவரானார். எனினும் அச்சபையின் லாட்ஜுகளில் மகளிருக்கு இன்றும் இடமில்லை. இருபாலரையும் ஏற்கும் தனிக் கிளையை அன்னி பெசன்ட் அம்மையார் 1902இல் லண்டனில் தொடங்கி, இந்தியாவிலும் வளர்த்தார்.

அன்பர்களே! சகோதரத்துவத்தை ஏட்டில் எழுதுவது எளிது. வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்போதே அது சோதிக்கப்படுகிறது. ஊர்விட்டு வந்து சங்கம் கண்டிருக்கும் நமக்கும் ஒரு வாயில் உண்டு. நேற்று ரயிலிறங்கிய தொழிலாளியும், தமிழ் எழுதப் படிக்க அறியாமல் இங்கே வளரும் நம் குழந்தையும், நம் விழாவைக் காண விழையும் அண்டை வீட்டாரும் அங்கு வந்து நிற்பர். ஒன்பது ஆண்டுகள் எவரையும் காக்க வைக்காத சங்கம் நம் சங்கம் என்னும் பெயரை நாம் ஈட்டுவோமாக!